பீரங்கியும் பாயிரமும்

புளியந்தீவுக் கோட்டையின் மதிலில் நின்று வாவியை நோக்குவார்க்கு அமைதியே காட்சியாகும். நீர் அசையாது கிடக்கும். தோணி ஒன்று மெல்லச் செல்லும். மதிலோரத்தில் வாய் திறந்தபடி கிடக்கும் பழைய பீரங்கிகளைக் கண்டு அஞ்சுவார் இன்று எவருமிலர். சில மாதங்களுக்கு முன்னர் என் மாணாக்கர் சிலரை அங்கே அழைத்துச் சென்றேன். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை இது என்றும், ஒல்லாந்தர் 1638இல் இதனைக் கைப்பற்றினர் என்றும் யான் வழக்கம்போல் ஒப்புவித்துக்கொண்டு வருகையில், பின்னே நின்ற மாணவி ஒருத்தி, “ஐயா, இந்தப் பீரங்கிக்கு யார் காசு கொடுத்தது?” என்று வினவினாள். ஏனையோர் நகைத்தனர். என்னால் நகைக்க இயலவில்லை. முப்பது ஆண்டுகளாக யான் கற்பித்த வரலாற்றில் யார் வென்றார் என்பது உண்டு. யார் தோற்றார் என்பதும் உண்டு. யார் விலை கொடுத்தார் என்பது மாத்திரம் இல்லை.

வீடு திரும்பிய பின்னர் அவ்வினாவுக்கு விடை தேடினேன். தேடியபோது, விடை இக்கோட்டையிலேயே பிறந்தது என்பதை அறிந்து வியந்தேன்.

1638ஆம் ஆண்டு மே மாதத்திலே கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியின் தளபதி வெஸ்டர்வோல்டும் கூடி இக்கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். அது நிகழ்ந்த சில நாட்களுக்குள், அதே மாதம் 23ஆம் நாளிலே, மட்டக்களப்பில் வைத்தே இருவருக்குமிடையே உடன்படிக்கை எழுதப்பட்டது. அதனை நட்புறவு உடன்படிக்கை என்று பாடநூல்கள் கூறும். நடுநின்று நோக்கினால், அது படைக்கல உதவியை விலைக்கு வாங்கிய ஒப்பந்தமேயாம். கும்பினி கப்பலும் படையும் தரவேண்டியது. அதற்காகும் செலவு முழுவதையும் மன்னன் கறுவா முதலிய நாட்டுப் பொருள்களாக இறுக்கவேண்டியது. மாணவியின் வினாவுக்கு விடை இதுவே. மன்னன் கொடுத்தான், மன்னனுக்காகக் காட்டிற் கறுவா உரித்த குடியானவன் கொடுத்தான்.

இனித்தான் கதை சுவைப்படுகின்றது. கைப்பற்றிய கோட்டைகளில் யாருடைய படை இருப்பது என்பது அவ்வுடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு. மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் படியில், மன்னன் விரும்பினால் மாத்திரமே ஒல்லாந்தப் படை கோட்டையில் இருக்கலாம் என்னும் பொருள்பட ஒரு தொடர் இருந்தது. ஒல்லாந்த மொழிப் படியில் அத்தொடர் இல்லை. இதனை வரலாற்றாசிரியர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஏடு பார்த்துப் பதிப்பிப்போர் இதனைப் பாடபேதம் என்பர். நம் பழைய ஏடுகளில் ஒரு சொல் விடுபட்டால் ஒரு செய்யுளின் பொருள் திரியும். அந்த ஏட்டில் ஒரு தொடர் விடுபட்டதனால் ஒரு நாட்டின் கரையோரம் கைமாறிற்று. 1656இல் கொழும்புக் கோட்டை வீழ்ந்தபோது, கொடுபட வேண்டிய செலவுப் பாக்கி தீரவில்லை என்று கணக்குக் காட்டி ஒல்லாந்தர் அதனைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். 1796 வரையும் கரையோரம் அவர்களிடமே இருந்தது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனைப் பழமொழியாக்கி வைத்தனர்.

இரண்டு படிகளையும் அருகருகே விரித்து, வரிக்கு வரி ஒப்புநோக்கும் ஒருவரை அன்று மன்னன் அமர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதனை யாம் சொல்ல இயலாது. ஆயினும், வாள் வீரர் ஆயிரவர் செய்ய இயலாத காவலை, வாசிக்கத் தெரிந்த ஒருவர் செய்திருக்கக்கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

படைக்கலம் வாங்குவது பற்றித் தமிழாசிரியனுக்கு என்ன பேச்சு என்று கேட்பார்க்கு யான் கூறும் விடை இதுவேயாகும். படைக்கலம் என் துறையன்று. ஒப்பந்தம் எழுத்து, அறிக்கை எழுத்து, கணக்காய்வு அவ்வெழுத்துக்கு எழுதப்படும் உரை. எழுத்தும் உரையும் என் துறை.

நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்கு எட்டுச் செய்திகள் வேண்டும் என்றார். செய்தவர் யார், எவ்வழியில் வந்தது, வழங்கும் எல்லை யாது, பெயர் என்ன, எதனோடு தொடர்புடையது, சொல்லும் பொருள் யாது, கேட்போர் யாவர், பயன் என்ன என்பன அவை. இவ்வெட்டும் இல்லாத நூலைக் கற்கத் தொடங்காதே என்று நாம் மாணாக்கருக்குக் கூறுகின்றோம். பல கோடி ரூபாவுக்குப் படைக்கலம் வாங்கும் ஒப்பந்தத்துக்கு இவ்வெட்டையும் கேட்டால் என்ன? நம் காலத்தில் நடந்த சிலவற்றை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது, செய்தவர் யார் என்பது. 2006ஆம் ஆண்டிலே நம் நாட்டு விமானப்படைக்காக உக்கிரேனிலிருந்து 4 மிக்-27 போர் விமானங்கள் வாங்குவதற்கும், முன்னரே இருந்தவற்றைப் பழுதுபார்ப்பதற்குமாக ஒப்பந்தம் செய்யப்பட்டது. தொகை 14 மில்லியன் டொலருக்கு மேற்பட்டது. விற்றவர் ஒரு நாட்டவர். பணம் சென்றதோ வேறொரு நாட்டில் பதிவான நிறுவனத்துக்கு என்று பத்திரிகைகள் எழுதின. 2015க்குப் பின்னர்ப் பொலிஸ் நிதிக் குற்றப் புலனாய்வுப் பிரிவு அதனை விசாரித்தது. குற்றம் உண்டா, உண்டெனின் யாருடையது என்பது நீதிமன்றம் கூறவேண்டியது, யான் கூறவேண்டியதன்று. யான் கூறுவது ஒன்றே. பணம் பெறுபவர் யார் என்பது ஒப்பந்தத்தின் முதல் ஏட்டிலேயே ஐயந்திரிபறத் தெரிந்து, அந்த ஏட்டைப் பாராளுமன்றம் அன்றே கண்டிருப்பின், ஒன்பது ஆண்டு கழித்துப் புலனாய்வு தொடங்க வேண்டிய தேவை இராது. குற்றமற்றவர் இருந்தால் அவர் பெயரும் அன்றே காக்கப்பட்டிருக்கும். மறைவு கள்வனுக்கு மாத்திரம் துணையன்று. நல்லவனுக்கு அது பழியுமாகும்.

இரண்டாவது, வழி. இந்தியா 1986 மார்ச்சு 24ஆம் நாள் சுவீடன் நாட்டுப் போபர்ஸ் கும்பினியுடன் 155 மில்லிமீற்றர்ப் பீரங்கிகள் 400 வாங்க ஒப்பந்தம் செய்தது. விலை ஏறத்தாழ 1,437 கோடி ரூபா. இடைத்தரகர் எவரும் இருத்தல் ஆகாது என்பது அன்றைய இந்திய அரசின் நிபந்தனை. ஓராண்டு கழிந்து, 1987 ஏப்ரல் 16ஆம் நாள், தரகுப் பணம் கொடுபட்டதெனச் சுவீடன் வானொலி அறிவித்தது. 1989இல் இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டு, அந்தத் தெரிவின் நடைமுறையையே குறை கூறிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் ஆட்சி மாறிற்று. வழக்குகள் பல்லாண்டு நீண்டன. 2004இல் தில்லி உயர் நீதிமன்றம் அரசுப் பொறுப்பில் இருந்தோர்மீது சாட்டப்பட்ட இலஞ்சக் குற்றத்தைத் தள்ளிற்று.

இதில் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி வேறொன்று. அப்பீரங்கி கெட்ட பீரங்கியன்று. 1999இல் கார்கில் மலையில் அது நன்கு தொழிற்பட்டது என்பதைப் பகைத்தாரும் ஒப்புவர். பொருள் நல்லது, வந்த வழி ஐயத்துக்கு இடமானது. அதன் விளைவு யாது? அடுத்த புதிய பீரங்கி வாங்கக் கையொப்பமிட எவரும் துணியவில்லை. அவ்வகைப் பீரங்கிகளிற் புதியன வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியது 2017ஆம் ஆண்டிலேதான். முப்பது ஆண்டுகள் படை காத்திருந்தது. கணக்கைப் பார்ப்பதனால் படை மெலியும் என்பார்க்கு யான் இதனைக் காட்டுவேன். கணக்கைப் பார்த்ததனால் அன்று. காலத்திலே பாராததனால் மெலிந்தது.

அக்கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. போபர்ஸ் ஒப்பந்தத்தின்படி பீரங்கி செய்யும் முறையை விளக்கும் வரைபடங்களும் குறிப்புகளும் ஆயிரக்கணக்கான பக்கங்களாக இந்தியாவுக்கு வந்திருந்தன. பழியின் சூட்டிலே அவற்றைத் தொடுவார் இன்றிப் பல்லாண்டு அவை கிடப்பிற் கிடந்தன. பிற்காலத்தில் ஜபல்பூர்த் தொழிற்சாலையினர் அவற்றை எடுத்து வாசித்துத் திருத்தி, தனுஷ் என்னும் பீரங்கியைச் செய்தனர். அதன் முதல் ஆறு பீரங்கிகள் 2019 ஏப்ரலில் படையிடம் ஒப்படைக்கப்பட்டன. பரணில் ஏறிய ஏட்டைச் சாமிநாதையர் இறக்கியதனால் நாம் சங்க நூல்களைப் பெற்றோம். காகிதம் கைவிடப்பட்டால் அறிவு உறங்கும். வாசிப்பார் வந்தால் விழிக்கும். இது செய்யுளுக்கும் பொருந்தும், பீரங்கிக்கும் பொருந்தும்.

மூன்றாவது, பெயர். அதே தனுஷ் பீரங்கிக்கு வாங்கிய உருளைத் தாங்கிகள் சில, செருமனியிற் செய்தவை என்னும் பெயரோடு வந்தவை, உண்மையிற் சீனத்திற் செய்தவை என்று 2017இல் இந்திய நடுவண் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. பெயர் ஒன்று, பொருள் ஒன்று. நிகண்டு கற்பிக்கும் எம்மனோர்க்கு இது இலக்கணப் பிழை. பீரங்கிக்கு அருகில் நிற்கும் வீரனுக்கோ உயிர்ப் பிழை. கடைவீதியில் அரிசி வாங்குவோர்கூட மூட்டையின் பெயரை நம்பாது, ஒரு பிடி அள்ளிப் பார்ப்பர் அன்றோ?

நான்காவது, எல்லை. சென்னையை அடுத்த ஆவடியில் அர்ஜுன் என்னும் தாங்கி செய்யும் திட்டத்துக்கு 1974ஆம் ஆண்டிலே 15.5 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. அத்தாங்கி படையிடம் வரத் தொடங்கியது 2004ஆம் ஆண்டில். இடையிலே படையினர் வேண்டும் இயல்புகள் மாறிக்கொண்டே வந்தன, செலவும் பன்மடங்காயிற்று. பாட்டின் அடியை ஒருவர் எழுத, சீரை ஒருவர் மாற்ற, தளையை ஒருவர் திருத்த, செய்யுள் முடிவதெங்ஙனம்? ஆயினும் அம்முயற்சி வீண் என்று யான் கூறேன். 2021இல் திருந்திய வகைத் தாங்கிகள் 118 செய்ய 7,523 கோடி ரூபாவுக்கு அதே ஆவடித் தொழிற்சாலைக்கு ஆணை கிடைத்தது. சொந்தக் கையாற் செய்யக் கற்பவன் தவறுவான், காலமும் எடுப்பான். அவன் எவ்வளவு தவறினான், எவ்வளவு காலம் எடுத்தான் என்பதை ஆண்டுதோறும் எழுதிவைத்துச் சொல்லவேண்டும் என்பதே என் கட்சி.

இதற்கு அமெரிக்கர் ஒரு வழி வகுத்துள்ளனர். பெரும் படைக்கலத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் முதலிற் குறித்த விலை, இன்றைய விலை, குறித்த காலம், இன்றைய நிலை ஆகியவற்றை அவர்தம் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிடும் வழக்கம் 1969 முதல் உண்டு. 1980களின் தொடக்கத்திலே இயற்றிய சட்டத்தின்படி, ஓர் அலகின் விலை நடைமுறையிலுள்ள மதிப்பீட்டுக்குமேல் நூற்றுக்கு 15 கூடினால் அதனை அறிவித்தல் வேண்டும். 25 கூடினால், இத்திட்டம் இன்றியமையாதது என்று பாதுகாப்பு அமைச்சர் எழுத்திற் சான்று தந்தாலன்றி அதனை நிறுத்துதல் வேண்டும். இச்சட்டத்தால் அங்கே வீண்செலவு ஒழிந்துவிட்டதா எனின், இல்லை. ஆயினும் எல்லையைக் கடந்தவன் எல்லையைக் கடந்தேன் என்று கையொப்பமிட்டுக் கூறவேண்டியிருக்கின்றது. அதுவே பெரிது.

எஞ்சியவற்றுள் தொடர்பும் பொருளும் படைத்துறை அறிந்தோர் ஆராயவேண்டியவை. கேட்போர், பயன் என்னும் இரண்டும் நம்மைச் சாரும்.

ஈண்டு ஒரு தடை எழும். படைக்கலக் கணக்கைப் பலர் அறியச் சொன்னாற் பகைவன் அறிந்துகொள்வானே என்பர். நன்று. எந்தக் கொட்டிலில் எந்தக் குண்டு கிடக்கின்றது, விமானம் எவ்வேளையில் எழும் என்பன மறைக்கத்தக்கவையே. அவற்றை யாரும் கேட்கவில்லை. ஆனால், என்ன விலை, யாரிடம் வாங்கியது, எத்தனை பேர் விலை கூறினர், குறித்த நாளில் வந்ததா என்பன எந்தப் பகைவனுக்குப் பயன்படும்? தாங்கி, போர் விமானம், போர்க் கப்பல் முதலியவற்றின் ஏற்றுமதி இறக்குமதிகளை ஆண்டுதோறும் அறிவிப்பதற்கென்று ஐக்கிய நாடுகள் சபை 1991இல் ஒரு பதிவேட்டையே ஏற்படுத்தியுள்ளது. விற்றவன் அறிவான், தரகன் அறிவான், பகைவனின் ஒற்றன் அறிவான். அறியாதவன் வரி கொடுத்தவன் ஒருவனே. படையின் மறை வேறு; பணத்தின் மறைவு வேறு. முன்னதன் பெயரால் பின்னதை மூடுதல் நேர்மையன்று.

இன்னொரு தடையும் உண்டு. அது என் சொந்த மக்களிடமிருந்து வருவது. “ஐயா, அந்த ஆயுதங்கள் எங்கள் தலைமேல் விழுந்தவை. அவற்றின் விலை குறைந்தால் என்ன, கூடினால் என்ன?” என்று அயலவர் ஒருவர் என்னை நேரிற் கேட்டார். அவர் மனைவியை இழந்தவர். அவர் முன்னிலையில் உடனே விடை கூற என் நா எழவில்லை. பல நாள் எண்ணிப் பார்த்தபின் கூறுகின்றேன். வாவிக்கரை மக்கள் குண்டின் முனையை அறிந்தவர்கள். அதன் விலைச்சீட்டை அறியாதவர்கள். விலைச்சீட்டை அறிந்திருந்தால் குண்டு விழாதிருக்குமா? உறுதி கூற யாராலும் இயலாது. ஆனால் போரினால் ஊதியம் பெறுவோர் யாவர் என்பதை நாடு முழுவதும் காலத்தோடு அறிந்தால், போரை நீட்டும் ஆசைக்கு ஒரு கடிவாளமாவது விழும். அவ்வறிவு தெற்கிலுள்ள ஏழைத் தாய்க்கும் வேண்டும். கிழக்கிலுள்ள ஏழைத் தாய்க்கும் வேண்டும். தரமற்ற கருவியால் இறப்பவன் அவள் மகன். அக்கருவி விழுந்து இறப்பவன் இவள் மகன். கணக்கு இருவருக்கும் கடன்பட்டது.

போர் 2009இல் முடிந்தது. அதன் பின்னரும் வரவுசெலவுத் திட்டத்திற் பெரும் பங்கு பெறும் அமைச்சுகளுள் பாதுகாப்பு அமைச்சு ஒன்றாகவே இருந்து வருகின்றது. 2022இல் நாடு கடன் இறுக்க இயலாது நின்றபோது, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற மக்கள் யாவரும் அந்தக் கணக்குக்குப் பங்காளிகளே. பிள்ளைகளின் கொப்பி விலை ஏறியதைக் கண்ட ஆசிரியர்களும் பங்காளிகளே. வள்ளுவப் பெருந்தகை அரண் கூறிய அதிகாரத்துக்கும் படைமாட்சி கூறிய அதிகாரத்துக்கும் நடுவிலே பொருள்செயல்வகையை வைத்த முறை ஈண்டு எண்ணத்தக்கது. கோட்டைக்கும் படைக்கும் இடையில் இருப்பது பொருள். அது கெட்டால் இருபுறமும் கெடும்.

சட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் செய்திகளைத் தர மறுக்கலாம் என்று கூறினும், பொதுநலன் அந்த ஊறினும் மிகுமாயின் மறுத்தல் ஆகாது என்றும் கூறுகின்றது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் கையை வலுப்படுத்திற்று. அரசின் கொள்வனவுகளுக்கு நெறி வகுக்கும் தேசிய பெறுகை ஆணைக்குழு 2015இல் 19ஆம் திருத்தத்தால் வந்தது. 2020இல் 20ஆம் திருத்தத்தாற் போயிற்று. 2022இல் 21ஆம் திருத்தத்தால் மீண்டது. வந்தும் போயும் மீண்டும் வரும் காவற்காரனைக் கள்வன் எவ்வளவு மதிப்பான் என்பதை யான் கூறவேண்டியதில்லை.

பாடசாலை ஒன்றிலே ஆண்டு தோறும் பொருட் கணக்கெடுப்பு உண்டு. முன்னொரு காலத்தில் யான் பொறுப்பாயிருந்த இடத்தில் இரண்டு வாங்குகள் குறைந்தன. கறையான் தின்றதை விறகாக்கினோம் என்பது உண்மை. பதிவேட்டில் எழுத மறந்தது பிழை. அதற்குக் கணக்காய்வு வினா வந்தது; மூன்று கடிதங்கள் எழுதினேன்; ஈற்றில் விலையையும் இறுத்தேன். அன்று சினந்தேன், இன்று அது முறையே என்கின்றேன். இரண்டு வாங்குக்கு ஆசிரியன் விடை கூறவேண்டிய நாட்டிலே, நான்கு விமானத்துக்கு விடை கூறுவார் காலத்தோடு கூறவேண்டாவா?

இது மேனாட்டார் தந்த புதுமையுமன்று. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெட்டப்பட்டது, ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று விதிக்கின்றது. ஏரிக்கும் தோட்டத்துக்கும் அவ்விதி இருந்தது. அதனை ஏட்டிலும் எழுதவில்லை. எல்லோரும் காணக் கோயிற் சுவரிலே எழுதினர்.

ஆகவே யான் வேண்டுவன சில. படைக்கல ஒப்பந்தம் ஒவ்வொன்றின் சுருக்கமும், செய்தவர், வழி, விலை, காலம், பயன் என்பவை விளங்க, பொருள் வந்து சேர்ந்தபின் மூன்று மொழிகளிலும் பாராளுமன்றத்தில் வைக்கப்படல் வேண்டும். மறைக்கவேண்டிய பகுதிக்குக் கால எல்லை குறித்தல் வேண்டும். மூலப்படிகள் அனைத்தையும் ஒப்புநோக்கும் உரிமை கணக்காய்வாளருக்கு ஐயமின்றி இருத்தல் வேண்டும். நெருக்கடியில் விரைந்து வாங்கியதாயின், அவ்விரைவுக்குரிய காரணமும் பின்னராவது எழுதப்படல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணாக்கருக்கும் ஒரு சொல். கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகள் தமிழிலும் வெளியாகின்றன. நம்முள் எத்தனை பேர் ஒன்றையேனும் வாசித்தோம்? அதன் நடை கரடு, சொற்கள் கடினம். நச்சினார்க்கினியரை வாசிக்கும் நமக்கா அந்நடை கடினம்? உயர்தர வகுப்பிலே ஒரு திங்களில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கி, ஓர் அறிக்கையின் ஒரு பக்கத்தை எடுத்து, சொற்பொருள் கூறி, வினா எழுப்பிக் கற்பிப்போமாயின், வருங்காலத்தில் இரண்டு படிகளை ஒப்புநோக்க நாட்டில் ஆள் இருக்கும்.

வரும் தவணையில் அம்மாணாக்கரை மீண்டும் கோட்டைக்கு அழைத்துச் செல்லக் கருதியுள்ளேன். இம்முறை பீரங்கியோடு அந்த மூன்றாம் பிரிவின் கதையையும் சொல்வேன். வினாவிய மாணவியை முன்வரிசையில் நிறுத்துவேன்.